பாதி டேங்க் வரைக்கும் மட்டும் ஓடிய ஹைலக்ஸ்: ஒரு டீசல் கோளாற்றின் ஆய்வு

வண்டி, 90களின் நடுவில் பதிவான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப். 3எல் என்ற மாடல் டீசல் இன்ஜின், 2779 சிசி. டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பாஷ் விஇ வகை டீசல் பம்ப், டைமிங் பெல்ட்டில் சுற்றுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை (பாமாயில்) தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றுவதும், சிறு தோட்டக்காரர்கள் வெட்டிப் போடும் குலைகளை எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோவதும்தான் அதன் வேலை. மீட்டர் எப்போதோ நின்றுவிட்டதால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உரிமையாளர் அறுபதைத் தாண்டிய குத்தகைக்காரர். அவர் சொன்ன புகார் இது: காலையில் ஸ்டார்ட்டரை நீளமாக அடித்தால்தான் இன்ஜின் பிடிக்கிறது, சில நாள் பேட்டரி தீர்ந்துபோகிறது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊரான லாசா பக்கம் மேடு ஏறும்போது சுமையோடு திணறி நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் கொஞ்சம் பின்னால் உருட்டிச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, ஃபில்டர் தலையிலுள்ள கை பம்பை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது.

எங்களிடம் வருமுன் வேறு ஊரில் ஒரு பட்டறை இதைப் பார்த்திருக்கிறது. டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் நாலு நோசலையும் கழற்றிச் சரிசெய்து போட்டிருக்கிறார்கள், ஃபில்டர் மாற்றியிருக்கிறார்கள். ஓரிரு வாரம் சரியாக ஓடிவிட்டு மறுபடி அதே கதை. பிறகு பம்பைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஆகும் என்றிருக்கிறார்கள்.

"தம்பி, பம்ப் போயிடுச்சுன்னு சொல்றாங்க. அவ்வளவு காசு போட்டா இந்த வண்டி தாங்குமா? அதை மட்டும் சொல்லு," என்றார்.

"பம்பை நான் இன்னும் பார்க்கவே இல்லையே அண்ணே. முதல்ல சில கேள்வி கேட்கிறேன்," என்றேன்.

கேள்விகள்

பழைய டீசல் வண்டியில் ஸ்பேனரை எடுக்குமுன் ஓட்டுநரிடம் கேட்க வேண்டியவை உண்டு. நிற்கும்போது சாவியைத் திருப்பி அணைத்தது போல டக்கென்று நின்றதா, இல்லை திணறித் திணறி நின்றதா? டக்கென்று நின்றால் பம்பின் மேலிருக்கும் எண்ணெய் வெட்டும் சொலினாய்டையும் (சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின்சார வால்வு) அதற்கு வரும் 12 வோல்ட் கம்பியையும் பார்க்க வேண்டும். திணறி நின்றால் எண்ணெய் (டீசல்) போதவில்லை. இவர் வண்டி திணறித்தான் நின்றது.

அடுத்தது புகை. காலையில் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது இன்ஜினை உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கைச் சந்தேகிக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு குளோ பிளக் எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மாதிரி முன்னறை வகை (எரிதல் ஒரு சிறு அறையில் தொடங்கும்) இன்ஜினுக்குக் காலை வேளையில் அது வேண்டும். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. இவர் மனைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறார். புகை துளிகூட இல்லை என்றார். மேட்டில் திணறும்போதும் கரும்புகை இல்லை. அதனால் காற்று ஃபில்டர் அடைப்பு என்ற சந்தேகமும் அப்போதே போனது.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. வண்டி எப்போது நன்றாக ஓடுகிறது?

அவர் யோசித்துவிட்டு, "மாசத் தொடக்கத்தில ஒண்ணும் செய்யாது," என்றார். சிரிக்கத் தோன்றியது. ஆனால் பேச்சை வளர்த்தபோது விஷயம் வந்தது. மாதத் தொடக்கத்தில் குலைப் பணம் கைக்கு வரும், அன்று டேங்கை நிரப்புவார். அதன் பிறகு ஐம்பது ஐம்பது வெள்ளியாகத்தான் எண்ணெய் போடுவார். முன்பெல்லாம் அப்படி இல்லை, எப்போதும் நிரப்பிவிடுவாராம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. ஐம்பது வெள்ளிக்கு 23 லிட்டர் கிடைத்த இடத்தில் 15 லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்துதான் டேங்க் முள் பாதிக்குக் கீழேயே கிடக்கிறது.

"விலை ஏறினதுல இருந்துதான் வண்டி கெட்டுப்போச்சு. எண்ணெய்ல என்னமோ கலக்குறானுங்க," என்பது அவருடைய முடிவு. கலப்படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் பாதியை அப்படியே குறித்துக்கொண்டேன். விலைக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது டேங்கில் நிற்கும் எண்ணெயின் உயரம்.

இன்னொன்றும் கேட்டேன்: வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? வாசல் சரிவு, முன்பக்கம் மேலே பார்த்தபடி நிற்கும் என்றார்.

உறிஞ்சும் பக்கம்

இந்த வண்டிகளில் டேங்குக்குள் மின்சார பம்ப் கிடையாது. டீசல் பம்புக்குள்ளேயே சிறகு வைத்துச் சுழலும் ஒரு சிறிய வேன் பம்ப் இருக்கிறது. அதுதான் டேங்கிலிருந்து எண்ணெயை இழுக்கிறது. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் அடியிலுள்ள வலை, சேசி ஓரம் வரும் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ், பிறகு ஃபில்டர், பிறகு பம்ப். இந்தப் பாதை முழுவதும் உறிஞ்சலில்தான் இருக்கிறது, அழுத்தத்தில் இல்லை. ஆகவே எங்காவது ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஓட்டையுள்ள உறிஞ்சு குழலை இளநீரில் போட்டு உறிஞ்சிப் பாருங்கள். ஓட்டை நீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, மேலே வந்ததும் வாயில் வெறும் காற்று. தரையில் கறை இல்லை, அதனால் ஒழுகல் இல்லை என்று சொல்வது டீசல் வண்டிக்குப் பொருந்தாது.

பம்புக்கு உயவும் அந்த டீசல்தான். காற்று கலந்து ஓடும் ஒவ்வொரு நாளும் நல்ல பம்பும் தேயும். முதலில் உறிஞ்சும் பக்கத்தைச் சரி என்று நிரூபித்துவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். ஓட்டையை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் ஓவர்ஹால் செய்தால், மூவாயிரம் வெள்ளி பம்பும் அதே காற்றைத்தான் குடிக்கும்.

குளோ பிளக், பேட்டரி, சொலினாய்டு மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஒரு பிளக் மட்டும் போயிருந்தது, மாற்றினோம். புகாருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. டைமிங் பெல்ட் சரியாக இருந்தது.

ஃபில்டரைக் கழற்றி ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். தூக்கிப்போடுமுன் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதில் பாதி வைத்தியம் முடிந்துவிடும். மாற்றிச் சில வாரமே ஆன ஃபில்டர். தாள் மடிப்புகளில் செம்மண் நிறத்தில் துருப்பொடி, அதன் மேல் கறுப்பான வழவழப்பு. டேங்குக்குள் ஒரு வலை இருக்கும்போது இவ்வளவு துரு எப்படி ஃபில்டர்வரை வந்தது? அந்தக் கேள்விக்கு அப்போது பதில் இல்லை. ஒரு பக்கம் எழுதி வைத்தேன்.

தெளிந்த ஹோஸும் ஒரு கேனும்

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை ஒரு முழ நீளத்துக்குப் போட்டோம். டேங்கில் கால் பங்கு எண்ணெய். சமதளத்தில் சும்மா ஓடவிட்டபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மேடு போலச் செய்தோம். சற்று நேரத்தில் ஹோஸ் முழுக்க நுரை, இன்ஜின் திணறி நின்றது. லாசா மேடு பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. டேங்கை நிரப்பி அதே சோதனையைச் செய்தால் நுரை இல்லை, எப்போதாவது ஒரு குமிழி மட்டும்.

அடுத்தது கேன் சோதனை. டேங்கையும் ஃபில்டரையும் விலக்கிவிட்டு, புது டீசல் ஊற்றிய கேனிலிருந்து நேராகப் பம்புக்கு ஒரு ஹோஸ், பம்பிலிருந்து திரும்பும் எண்ணெய்க்கு அதே கேனுக்குள் இன்னொரு ஹோஸ். இதில் பலர் கேனை இன்ஜினுக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். அப்போது எண்ணெய் தானாகவே இறங்கும், சோம்பேறி வேன் பம்பும் நல்ல பம்ப் போலத் தெரியும். கேன் தரையில் இருக்க வேண்டும். பம்ப் தானே இழுத்துக்கொள்ளட்டும். எங்கள் கேன் தரையிலிருந்தபடியே இன்ஜின் பிடித்தது, சீராக ஓடியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் தயங்காமல் ஏறியது. பிறகு கேனைப் பின்பெட்டியில் இறுகக் கட்டி, நீளமான ஹோஸ் போட்டு, உரமூட்டைகளையும் ஏற்றி லாசா மேட்டுக்குப் போனோம். ஒரு இடத்திலும் திணறவில்லை. பெட்ரோல் வண்டியில் இந்தக் கேன் வேலையை யாரும் செய்து பார்க்க வேண்டாம். டீசல் அவ்வளவு சுலபமாகத் தீப்பற்றாது என்பதால்தான் இது முடிகிறது.

அதோடு பம்ப், நோசல் இரண்டுக்கும் விடுதலை. மூவாயிரம் வெள்ளி பேச்சு முடிந்தது. கோளாறு பம்புக்கு முன்னால், டேங்குப் பக்கம்.

வெளியிலிருந்த ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடித்துக் கிடந்தன. டேங்குக்கு மேலே கைக்கு எட்டாத இடத்தில் ஒன்றைக் கிளிப் இல்லாமல் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். குற்றவாளி அகப்பட்டான் என்று அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் வெளியிலிருக்கும் ஹோஸ் டேங்கில் எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் காற்றை இழுக்கும். பாதி டேங்க் கணக்கு அதற்குத் தெரியாது. எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டு மறுபடி சோதித்தோம். குமிழி குறைந்தது. கால் டேங்கில் முன்பக்கம் தூக்கினால் நுரை மட்டும் அப்படியே வந்தது. எண்ணெய் மட்டத்தைப் பார்த்து நடந்துகொள்ளும் ஓட்டை டேங்குக்குள்தான் இருக்க முடியும்.

டேங்கை இறக்குமுன் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு டி இணைப்புப் போட்டு, உறிஞ்சலை அளக்கும் வேக்கூம் கேஜும் மாட்டினேன். நிறைந்த டேங்கில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 5 அங்குலப் பாதரசம் (உறிஞ்சலின் அளவு) காட்டியது. மறுபடி கேனிலிருந்து ஓட்டியபோது 2தான் இருந்தது. கால் டேங்கில் முள் ஆடி ஆடி 1, 2 என்று கீழே வந்து இன்ஜின் நின்றது. உறிஞ்சல் கூடினால் அடைப்பு, குறைந்து குமிழி வந்தால் காற்று என்பது கேஜின் கணக்கு. இங்கே இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது.

டேங்குக்குள்

எண்ணெயை வடித்து டேங்கை இறக்கி, உறிஞ்சு குழாய்த் தட்டைக் கழற்றி எடுத்தோம். குழாயைத் தாங்கும் பிடி பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில், டேங்கின் அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. சுமார் 3 மில்லிமீட்டர். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கீழே இருந்தது: வலை முழுக்கக் கறுப்புக் களிம்பு, துருத்தூள். வாயால் ஊதிப் பார்த்தால் காற்று ஏறக்குறைய போகவே இல்லை.

அப்போது எல்லாம் பொருந்தியது. இந்த வண்டி வலை வழியாக எண்ணெய் குடிக்கவே இல்லை. ஓட்டை வழியாகத்தான் குடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் மட்டம் ஓட்டைக்கு மேல் இருக்கும்வரை அந்த ஓட்டைதான் வாய். மட்டம் இறங்கினால், அல்லது மேட்டில் எண்ணெய் பின்பக்கம் சாய்ந்து ஓட்டை வெளியே தெரிந்தால், காற்று. இந்த வண்டியில் குழாய் டேங்கின் முன்பாதியில் இறங்குகிறது, அதனால் ஏற்றத்தில் முதலில் வெளிப்படுவது அதுதான். இரவில் சரிவு வாசலில் நிற்கும்போதும் அதேதான். ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற எண்ணெய் முழுக்க டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட்டர் அடிப்பது வெறும் குழாயை நிரப்புவதற்கு. ஃபில்டருக்குத் துரு எப்படி வந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. வலையைத் தாண்டாமல் ஓட்டை வழியாக நேரே வந்திருக்கிறது.

இங்கே ஒரு சோதனையைச் சும்மா ஆசைக்குச் செய்தேன். பட்டறைப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் 'நேரம் போகுதே' என்பது தெரிந்தது. ஓட்டையின் மேல் ஒரு துண்டு ஹோஸை மாட்டி இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கி, வலையைக் கழுவாமல் அப்படியே டேங்குக்குள் இறக்கி, டேங்கையும் நிரப்பினோம். அதாவது ஓட்டையை மட்டும் அடைத்தோம். கேஜ் 15 அங்குலத்தைத் தொட்டது, குமிழி ஒன்றுகூட இல்லை, இன்ஜின் மூச்சுத் திணறி நின்றது. நிறைந்த டேங்கில்!

யாராவது ஓட்டையை மட்டும் கண்டுபிடித்து ஈயம் வைத்து அனுப்பியிருந்தால் வண்டி முன்னைவிட மோசமாகியிருக்கும். மாதத் தொடக்கத்திலும் ஓடியிருக்காது. அப்போது பழி பம்பின் தலையில்தான் விழுந்திருக்கும், ஏனென்றால் டேங்கைத்தான் பார்த்தாயிற்றே. ஒரு கோளாறு இன்னொரு கோளாற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிகள் பழைய வண்டிகளில் நிறைய உண்டு.

எண்ணெயில் என்னதான் கலக்கிறார்கள்?

அண்ணன் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. 2019லிருந்து நம் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல். பி10 என்பது அதுதான். இவர் வண்டி சுமக்கும் குலையின் எண்ணெய் சுற்றிச் சுற்றி இவர் டேங்குக்கே வருகிறது என்று சொன்னபோது அவருக்கு அது பிடித்திருந்தது. இது கலப்படம் இல்லை, சட்டப்படியான கலவை. ஆனால் அதற்குச் சில குணங்கள் உண்டு. பழைய டேங்கின் சுவரில் வருடக்கணக்கில் ஒட்டியிருந்த படிவத்தை அது கரைத்து இறக்கும். சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும். டேங்கின் அடியில் நீர் சேர்ந்தால், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து அந்தக் கறுப்பு வழவழப்பை உண்டாக்கும். பழைய ரப்பருக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் நீர் எண்ணெய் நிலையத்திலிருந்து வந்தது என்று நான் நினைக்கவில்லை. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் இல்லவே இல்லை. மழையில் வெட்டவெளியில் நிற்கும் வண்டி. அதோடு எப்போதும் பாதிக்கும் கீழே எண்ணெய் இருந்தால், மேலே மிச்சமுள்ள இடம் முழுக்க ஈரக்காற்று. இரவுக் குளிரில் அது இரும்பில் வியர்க்கும். பற்றவைத்த இடம் ஏற்கெனவே பலவீனம். நிரப்பி ஓட்டிய காலத்திலேயே துரு தொடங்கியிருக்கும், காலி டேங்க் அதை விரைவுபடுத்தியது என்பது என் கணிப்பு. ஃபில்டரின் அடியிலுள்ள நீர் உணரியின் கம்பி அறுந்து தொங்கியது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய வழியே இல்லை.

செய்த வேலை

குழாயில் ஓட்டையுள்ள பகுதியை வெட்டிவிட்டு, அதே விட்டத்தில் ஸ்டெயின்லெஸ் குழாய் வைத்து ஈப்போவில் ஒரு கடையில் பற்றவைத்தோம். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், கையிலும் இருந்தது. ஆனால் செம்பு பயோடீசலைச் சீக்கிரம் கெடவைக்கும், அதனால் வேண்டாம் என்று விட்டேன். பற்றவைப்பு குழாய்த் தட்டில் மட்டும்தான், அதையும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு. டேங்கில் சின்னத் துரு ஒன்று இருக்கிறதே, அதையும் அப்படியே பற்றவைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். எண்ணெய் ஆவி இருக்கும் டேங்கின் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. அந்தத் துரு மேலோட்டமானது, சுரண்டி வண்ணம் பூசினோம்.

புது வலை. டேங்கைத் தெளிந்த டீசல் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினோம், வரும் எண்ணெய் தெளியும்வரை. பயோடீசல் தாங்கும் ஹோஸ், நல்ல கிளிப், புது ஃபில்டர், மூடிக்கு ரப்பர் வளையம், உணரிக்குக் கம்பி. மொத்தத்தில் அறுநூறு வெள்ளியைத் தாண்டவில்லை, கூலியும் சேர்த்து.

முடித்த பின் கால் டேங்கிலேயே கேஜைப் பார்த்தோம்: சும்மா ஓடும்போது 2, 3000 சுற்றில் 3 அங்குலம். ஹோஸில் குமிழி இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாலும் இல்லை. சுமையோடு லாசா மேட்டுக்கு அவரே ஓட்டிப் போய்வந்தார். காலையில் குளோ விளக்கு அணைந்ததும் ஒரே அடியில் பிடிக்கிறது என்று பிறகு சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ஃபில்டரைத் திரும்ப மாற்றச் சொல்லியிருந்தேன். பழைய டேங்கில் கழுவியும் கொஞ்சம் மிஞ்சும். கொண்டுவந்தார், அறுத்துப் பார்த்தோம். மடிப்புகளில் இலேசான கறுப்பு, துரு இல்லை. ஃபில்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தபோது நீர் சில துளிதான் வந்தது. அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. பம்பின் மேலே ஆக்சிலேட்டர் கம்பி மாட்டும் அச்சின் ஓரத்தில் டீசல் கசிந்து ஈரமாக இருக்கிறது. உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிவிட்டது. இவ்வளவு வயதான பம்பில் வருவதுதான். இது அழுத்தப் பக்கம், அதனால் ஓடும்போது எண்ணெய் வெளியே வருகிறது. கசிவு கூடினால் நிற்கும்போது அதன் வழியாகவும் காற்று புகலாம் என்று சொல்லிவைத்தேன். மேல்மூடியைக் கழற்றினால் மாற்றிவிடலாம், முழு ஓவர்ஹால் தேவையில்லை. தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.